தண்ணீர் டேங்க் ஸ்டாப்பில் இறங்கியவள்

கண்டக்டரம்மாவைப் பொறுத்தவரை மனிதர்கள் இரண்டே வகை. ஸ்டாப் வருவதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நிற்பவர்கள் ஒரு வகை. ஸ்டாப் தாண்டிய பிறகு விழித்துக்கொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பஸ்ஸையே கூட்டுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைச் சகித்துக்கொண்டாள். இரண்டாவது வகையை மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. அந்த இரண்டாவது வகை மொத்தமும் குடியிருக்கிற இடம் தண்ணீர் டேங்க் ஸ்டாப் என்பது முப்பது வருஷம் அதே ரூட்டில் விசில் ஊதி அவள் கண்ட முடிவு. பெற்ற மகள் அந்த இடத்துக்கே குடிபோகிறேன் என்று வந்து நின்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் தெருவில் அவளைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கும் அவள் கண்டக்டரம்மாதான். சமையலறையில்கூடக் காலை அகட்டி வைத்துத்தான் நிற்பாள். ஒரு கை எதையாவது பிடித்திருக்கும். வீட்டில் யாராவது நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், "எங்க?" என்பாள். அந்தக் குரலைக் கேட்டால் விருந்தாளிகளுக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். கணவர் துணிக்கடையில் துணி மடித்து அடுக்கும் வேலையில் இருந்தவர். அவர் வாயைத் திறந்தது பேசுவதற்கு அதிகமா, கொட்டாவி விடுவதற்கு அதிகமா என்று பந்தயம் கட்டினால் கொட்டாவி பக்கம் கட்டியவன்தான் ஜெயிப்பான். ஒரு நாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதையும் அவள் ஒரு குறையாகத்தான் சொல்லுவாள். "சொல்லிட்டுப் போற பழக்கமே கிடையாது அவருக்கு."

மிச்சம் இருந்தவள் மகள். முப்பத்தைந்து வயது. பல் செட் செய்கிற லேப் ஒன்றில் வேலை. நாள் முழுக்க மெழுகில் பல் பல்லாகப் பதித்து, தேய்த்து, பளபளப்பு ஏற்றிக் கொடுக்க வேண்டும். "ஊரான் வாயில வைக்கிற பல்லை இவ உட்கார்ந்து விளக்கறா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். மகளைக் கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். ஒருத்தனுக்குக் காது பெரிது. ஒருத்தன் டீயைச் சத்தம் போட்டு உறிஞ்சினான். ஒருத்தனிடம் எந்தக் குறையும் இல்லை; அதுவே சந்தேகமாக இருந்தது. எல்லோரையும் கழித்துக் கட்டினாள். மகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசாதவள் சம்மதித்தவள் என்று கண்டக்டரம்மா எடுத்துக்கொண்டாள். கணவர் விஷயத்திலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே மகள் சொன்னாள்.

"டேங்க் ஸ்டாப் பக்கம் ஒரு ரூம் பார்த்திருக்கேன்மா. தனியா போயிடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"வேலைக்குப் பக்கம்."

கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "பக்கமா? அடியே, உன் லேப் இருக்கறது பிரஸ் ஸ்டாப். அந்த ஏரியாவுக்குள்ள நுழைஞ்சா டேங்க் முதல் ஸ்டாப், பிரஸ் கடைசி ஸ்டாப். நடுவுல மார்க்கெட், காலேஜ், கோர்ட், குடோன்னு ஊர்ப்பட்டது கிடக்கு. டேங்க்ல ஏறினவன் பிரஸ்ல இறங்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடுவான். யார்கிட்ட வந்து கதை விடற?"

மகள் தட்டில் மிச்சமிருந்ததை வழித்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். சரின்னுதான் சொல்லப் போறேன்" என்று எழுந்தாள்.

"எங்க?" என்றாள் அம்மா, பழக்க தோஷத்தில்.

"கை கழுவ."

அன்றிலிருந்து கண்டக்டரம்மாவுக்குத் தூக்கம் இல்லை. பயமாக இருந்தது. இந்த வயதில் காலி வீட்டில் யாரைப் பார்த்து என்ன பேசுவது? ஆனால் பயத்தைப் பயமாகச் சொல்லிப் பழக்கமில்லாதவள். அது கோபமாகத்தான் வெளியே வந்தது. எவனோ ஒருத்தன் இருக்கிறான், அவன்தான் பெண்ணின் மனதைக் கலைத்துவிட்டான் என்று தீர்மானித்தாள். நேரில் போய் ஒரு கை பார்த்துவிடுவது, அந்த ஏரியாவின் லட்சணத்தைக் கூறு கூறாகப் பிரித்து மகள் முன்னால் போடுவது, முடிந்தால் அவனையும் கையும் களவுமாகப் பிடிப்பது என்று வெள்ளிக்கிழமை காலை, மகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, தனியாகப் புறப்பட்டாள்.

பஸ்ஸில் இருந்த கண்டக்டருக்குக் காதில் ஒரு வயர் தொங்கியது. கழுத்தில் மாட்டிய மெஷின் டிக்கெட்டைத் துப்பியது. ஸ்டாப் பெயரை அவன் கூப்பிடவே இல்லை. மேலே எங்கிருந்தோ ஒரு பெண் குரல் கூப்பிட்டது. "இதுக்கு ஒரு சம்பளம்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை.

டேங்க் ஸ்டாப்பில் இறங்கினாள். முப்பது வருஷம் அந்தப் பெயரைக் கத்தியிருக்கிறாளே தவிர, அந்த மண்ணில் கால் வைத்தது அன்றுதான்.

தண்ணீர் டேங்க்கே முதலில் மாட்டியது. கால்களில் பாசி பிடித்து, ஒரு பக்கம் விரிசல் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. "ஊரு பேருக்கு வெச்சிருக்கற சாமானே ஒழுகுது. உள்ள இருக்கறதுங்க எப்படி இருக்கும்" என்று நினைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தாள். நாய்க்கு முடி வெட்டுகிற கடை ஒன்று. வெறும் மெழுகுவத்தி மட்டும் விற்கிற கடை ஒன்று, அதுவும் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிகிற தெருவில். ஒரு பழைய கதவுக்கு முன்னால் ஒரு பெண் மண்டியிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு என்றால் தட்ட வேண்டும், இல்லை திறக்க வேண்டும். இப்படி அதைப் போட்டோ பிடிக்கிறவளை என்னவென்று சொல்வது?

பூங்காவில் பெரிய மனிதர்கள் கையை வீசி வீசி வட்டம் சுற்றினார்கள். எங்கேயும் போய்ச் சேராத நடை. ஒவ்வொருவர் முகத்திலும் நாட்டைக் காப்பாற்றப் போகிற களை. அவர்களில் இரண்டு பேரை அவளுக்குத் தெரியும். ஒருத்தர் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகு மணியை இழுக்கிறவர். இன்னொருத்தர் இழுக்காமலே சண்டைக்கு வருகிறவர். அவளை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. காக்கிச் சட்டை இல்லாத கண்டக்டரை யாருக்குத் தெரியும்?

'நிம்மதி' என்று பெயர்ப் பலகை மாட்டிய ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். சண்டைகூட உருப்படியாகப் போடத் தெரியவில்லை. நடுவில் ஒருத்தர் மன்னிப்பு வேறு கேட்டார். தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

தெருக்கோடியில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் நிற்பதைப் பார்த்து, "எங்கம்மா போகணும்?" என்றார்.

"பிரஸ் ஸ்டாப்புக்கு. நடந்து."

"இதோ, இந்தச் சந்துல நுழைஞ்சீங்கன்னா அந்தப் பக்கம் பிரஸ்தான்."

"எந்தச் சந்து?"

"இதாம்மா. ரெண்டு பேர் எதிர எதிர வந்தா இடிச்சுக்குவாங்க, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம்."

கண்டக்டரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் டியூபைப் பிடித்தபடியே நிதானமாக யோசித்தார். "தெரியலையேம்மா."

"தெரிஞ்சிருந்தா எனக்கு வழி சொல்ல மாட்டீங்க."

முப்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு, வளைவை வைத்தே எந்த இடம் என்று சொன்னவளுக்கு ஸ்டாப் தாண்டிக் கத்துகிற கூட்டத்தில் ஒருத்தன் வழி சொல்கிறான். அவள் பஸ் போகிற சாலையிலேயே திரும்பினாள். நடந்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். டேங்கிலிருந்து பிரஸ் எவ்வளவு தூரம் என்பதை வாயால் சொன்னால் மகள் கேட்க மாட்டாள்; வீங்கிய காலைத் தூக்கிக் காட்டினால் கேட்பாள்.

நடந்தாள். பஸ்ஸில் சமதரையாக இருந்த சாலை நடக்கும்போது மேடாக இருந்தது. மார்க்கெட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பொருள் வாங்கினார்கள். இதே ஆட்கள்தான் பஸ்ஸிலும் முழங்கையால் இடிப்பவர்கள், இடிப்பது பிறவிக் குணம் என்று தெரிந்துகொண்டாள். காலேஜ் வாசலில் படிக்காமல் நின்றவர்களை எண்ண முடியவில்லை. கோர்ட் ஸ்டாப்பில் இஸ்திரி போட்ட சட்டைகள், இஸ்திரி போடாத முகங்கள். குடோன் ஸ்டாப்பில் கால் ஒத்துழைக்க மறுத்தது. ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பஸ் வந்து நின்றது. காதில் வயர் மாட்டிய இன்னொருத்தன் அவளைப் பார்த்து, "ஏறுங்கம்மா" என்றான். போ போ என்று கையால் விரட்டினாள்.

உள்ளங்கால் எரிந்தாலும் மனதுக்குள் குஷியாகத்தான் இருந்தது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள். டேங்க் ஒழுகுகிறது. நாய்க்கு முடி வெட்டுகிறார்கள். நிம்மதி என்று பேர் வைத்துக்கொண்டு நாளெல்லாம் சண்டை. "உன் அம்மா நடந்து பார்த்துட்டாடி. உயிர் போய் உயிர் வந்துச்சு." மகள் வாயடைத்துப் போவாள். ரூம் வேண்டாம் என்பாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிரஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பழைய அச்சகத்தின் நீளமான ஷெட், அதற்கு முன்னால் பஸ் நிற்கும் இடம். கடைசி ஸ்டாப். வண்டி இங்கே நின்றதும் அவள் குனிந்து டிரிப் கணக்கு எழுதுவாள், ஒரு டீ குடிப்பாள், வண்டி திரும்பிவிடும். ஷெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. மகளின் லேப் ஷெட்டுக்குப் பின்னால் என்று கேள்விப்பட்டிருந்தாள். பல் செய்கிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று அங்கேயும் போனதில்லை.

இப்போது சுற்றிக்கொண்டு போனாள். இரண்டு மாடிக் கட்டடம், சாம்பல் நிறக் கேட். யார் கண்ணிலும் படாமல் எதிர்ச்சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று நிமிர்ந்தாள்.

லேப்பின் தலைக்கு மேலே ஒரு தண்ணீர் டேங்க் நின்றது.

"ஒரு ஏரியாவுக்கு ரெண்டு டேங்க். யாரு அப்பன் வீட்டுச் சொத்து" என்றுதான் அப்போதும் அவள் வாய் சொன்னது. பிறகு பாசி படிந்த கால்களைப் பார்த்தாள். அதே விரிசல். அதே ஒழுகல். கேட்டை ஒட்டி ஒரு சந்து போனது. அதற்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் சுவர், ஒரு திருப்பம், ஒரு சாக்கடை மூடி. நன்றாக மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சந்து முடிந்துவிட்டது. எதிரே சைக்கிள் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றார். "காலையில போனீங்களே."

அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். சந்தில் பஸ் நுழையாது. அதனால் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. பஸ் சுற்றியதால் ஊரே அவ்வளவு பெரிது என்று அவள் நம்பியிருந்தாள், முப்பது வருஷம், ஒரு நாள்கூட இறங்கிப் பார்க்காமல்.

சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. வெளியே ஒரு பெஞ்ச், பக்கத்திலேயே மாடிக்கு ஏறும் படி, உள்ளே இரண்டு ஸ்டூல். உள்ளே போய் ஸ்டூலில் விழுந்தாள். டீக்கடைக்காரி இவளைவிடக் கொஞ்சம் இளையவள், வாட்டசாட்டமான உடம்பு. தண்ணீர் கொடுத்தாள், கேட்காமலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை அதிகம் போட்டு டீ கொடுத்தாள். "எங்கேருந்துக்கா நடந்து வரீங்க?"

"ரூம் பார்க்க வந்தேன்" என்றாள் கண்டக்டரம்மா, வாயில் வந்ததை.

"அடடா. மாடியில என்னோட ரூம் ஒண்ணு இருக்கு. ஆனா ஒரு பொண்ணு கேட்டிருக்கு. பல் லேப்ல வேலை பார்க்குது. ஞாயித்துக்கிழமை முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்கு."

கண்டக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்படிப்பட்ட பொண்ணு?"

"தங்கமான பொண்ணுக்கா. ஆறு வருஷமா தெரியும். தினம் வேலை விட்டதும் இந்தப் பெஞ்சுலதான் ஒரு மணி நேரம் உட்காரும்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. தனியாத்தான்."

ஒருத்தன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குக் காது பெரிது என்றோ, மூக்கு கோணல் என்றோ சொல்லிக் கழித்துக் கட்டியிருக்கலாம். யாருமே இல்லாததை என்ன செய்து கழிப்பது?

"வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"நானும் அதையேதான் கேட்டேன். வீட்டுல அம்மா இருக்காங்களாம்."

"உடம்புக்கு முடியாதவங்களா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்காங்களாம்."

டீக்கடைக்காரி பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். கண்டக்டரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மகள் தினமும் இருட்டுகிற நேரத்தில்தான் வீட்டுக்கு வருவாள். பிரஸ்ஸிலிருந்து பஸ் அத்தனை ஸ்டாப்பையும் நக்கிக்கொண்டு வர வேண்டாமா என்று அம்மாவே அவளுக்காகப் பரிந்து பேசுவாள், புது டிரைவர்களைத் திட்டுவாள். மகள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அம்மாதான் மகளுக்குப் பதிலாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளே. இந்தச் சந்து வழியாக வந்து, டேங்க் ஸ்டாப்பில் ஏறினால் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். வந்தால் அம்மா இருப்பாள். அதனால் வரவில்லை. கண்டக்டரம்மாவுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

வேலை விடுகிற நேரம். சந்திலிருந்து மகள் வந்தாள். கண்டக்டரம்மா ஸ்டூலை அடுப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், இரண்டு காலையும் மடக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். டீ தானாக வந்தது.

"இன்னைக்கு ஒரு டாக்டர் போன் பண்ணார்க்கா" என்றாள் மகள். "பல் ரொம்ப வெள்ளையா இருக்காம். அந்த ஆளு சிரிச்சா பொண்டாட்டி சந்தேகப்படறாங்களாம். கொஞ்சம் மஞ்சளடிச்சுக் குடுங்கன்னு கேக்கறார்."

டீக்கடைக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்தவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் பெண்ணுக்கு இப்படிப் பேச வரும் என்பது முப்பத்தைந்து வருஷத்தில் அவளுக்குத் தெரியாது. இந்தக் கதை இன்று ராத்திரி வீட்டுக்கு வராது, எந்த ராத்திரியும் வந்ததில்லை என்று உறைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வெளியே வந்தாள்.

அம்மாவைப் பார்த்ததும் மகளின் கால் இரண்டும் தானாகப் பெஞ்சை விட்டுக் கீழே இறங்கின. முதுகு நிமிர்ந்தது. டீக்கடைக்காரி இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். புரிந்துகொண்டு, கெட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எப்பம்மா வந்த?"

"காலையில."

"சந்து வழியாவா?"

"சுத்திப் போய்த்தான் வந்தேன். திரும்பி வர்றப்பதான் சந்து."

மகள் டம்ளரைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பாள், அழுவாள், ஏதாவது சாக்குச் சொல்லுவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். மகள் அப்படி எதுவும் செய்யவில்லை. களைத்துப்போன குரலில், "சரி, சொல்லு. என்ன குறை?" என்றாள்.

குறை இருந்தது. காலையிலிருந்து சேர்த்த குறை தொண்டை வரைக்கும் இருந்தது. "மாடிப்படி ரொம்ப செங்குத்தா..." என்று வாய் தன் பாட்டுக்கு ஆரம்பித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழும்போது குனிகிற மாதிரி இல்லை. தினமும் பெய்கிற மழைக்குக் குனிகிற மாதிரி. கண்டக்டரம்மா வாயை மூடினாள். மூடுவது சுலபமாக இல்லை.

"ரூமை எடுத்துக்கோ" என்றாள். "உனக்கு வேலைக்குப் பக்கம்தான். நான்..."

"சரிம்மா."

அம்மா வாக்கியத்தை முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டாள். கண்டக்டரம்மா நின்றாள். நீ தனியா எப்படிம்மா இருப்ப என்று கேட்பாள் என்று காத்திருந்தாள். மரியாதைக்காவது ஒரு தரம் கேட்பாள். பெஞ்சில் இன்னொருத்தர் உட்கார இடம் இருந்தது, அந்த இடத்தில் மகளின் பை இருந்தது, மகள் அதை எடுக்கவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. மகள் ஒரு வாய் குடித்தாள். பிறகு, கோபமே இல்லாமல், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"நீ கிளம்பும்மா. நான் கொஞ்ச நேரம் கழிச்சு வரேன்."

கண்டக்டரம்மா ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.